பிள்ளையார் சுழியும் நம் முதல் மெஷினும்

நன்னிலத்தில் ஒரு அரிசி மில்லின் ஓரத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நெல் அவிகிறது. அந்தப் புழுங்கல் வாசனை ஜன்னல் வழியாக வந்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்த வாசனைக்கு நடுவில்தானே நாம் பாதி நாள் சண்டை போட்டோம்! மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர். நம் நிரலை அதில் முதல் வரியிலிருந்து முழுதாக பில்டு செய்துகொண்டிருக்கிறேன். திரையில் வரிவரியாக ஓடுகிறது. அது முடியும்வரை எனக்கு வேறு வேலையில்லை. நீ போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

மில்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"முதல் தடவைங்க. எல்லாத்தையும் ஒண்ணு விடாம செய்யணும். இன்னைக்குத்தான் நேரமாகும், நாளைக்குப் பாருங்க" என்றேன்.

இப்படிச் சொல்ல ஒரு காலத்தில் நமக்கு வாய் வந்ததா? மன்னார்குடியில் உரக்கடை மாடியில் அறை பிடித்தோம். ஓடுகிற அரிசியைக் கேமராவால் பார்த்து, கறுப்பு அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின். அதைச் சின்ன மில்காரர்களும் வாங்கும்படி செய்யப்போகிறோம் என்று கிளம்பினோம். இரும்பு வேலை லேத் பட்டறையில் நடந்தது. மூளை நம் பொறுப்பு. நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, துண்டு துண்டாக இருப்பதை ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் பில்டு. காலையில் அதைத் தட்டிவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முடியும். ஒரு எண்ணை மாற்றினாலும் அதே கதை.

"நடவுக்கு ஆள் கூட்டுற மாதிரி கூட்டிப் பார்ப்போம்டி" என்றாய். ஒரே நேரத்தில் பல கோப்புகளை மாற்றச் சொல்லி கம்ப்யூட்டரை ஏவினாய். ஆள் வந்தது, ஆனால் நிற்க வரப்பு குறுகல். நினைவகம் நிரம்பி, மவுஸ்கூட நகராமல் பெட்டி திணறியது. நீ அதைத் திட்டிய திட்டு கீழே உரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. நாலு வயல் தள்ளி நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குடும்பத்துக் குரல் உனக்கு. நான் கடைவீதிப் பெண். எங்கள் கடைக் கல்லாவில் இருக்கும் என் அத்தாவுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே மெல்லப் பேசிப் பழகியவள்.

முதல் சோதனையிலேயே நம் மானம் போனது. மெஷினை ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்த மில் முதலாளி எதிரில் ஒரு சின்னத் திருத்தம். பில்டு முடியும்வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் ஒரே ஒரு வாய்ப்பு, இல்லையென்றால் வெளியூர் மெஷின் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அன்று மாடிப்படியில் உட்கார்ந்து நீ சொன்னாய்: "இதுவும் போச்சுன்னா சென்னை வேலைக்குப் போயிடுறேன்னு அப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்." நீ இல்லாமல் நான் எந்த மில்லுக்குள் நுழைவேன்?

அப்புறம் நீ பாபநாசத்துக்குக் கல்யாணத்துக்குப் போனாயே, அந்த நாள்! தனியாக உட்கார்ந்து ஒரு வரியை மாற்றி பில்டைத் தட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. கெட்டது குடி, ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் சரியாகவே ஓடியது. மறுநாள் நீ வந்தாய், பில்டு பழையபடி ஊர ஆரம்பித்தது.

"நீ இல்லாத அன்னைக்கு மட்டும் பறக்குது" என்றேன்.

"ஓஹோ! என் மூஞ்சி அதுக்குப் பிடிக்கலையாமா?" என்று சண்டைக்கு வந்தாய். பிறகு இருவரும் உட்கார்ந்து, காலையிலிருந்து நீ எதையெல்லாம் தொட்டாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஒவ்வொரு தடவையும் பில்டைத் தட்டும் முன் நீ செய்கிற முதல் காரியம் பிள்ளையார் சுழி. எல்லாக் கோப்புகளும் முதலில் படிக்கிற அந்தப் பொதுக் கோப்பைத் திறந்து, உச்சியில் ஒரு குறிப்பு வரியாக 'உ' போட்டு, தேதியும் நேரமும் போடுவாய். நான் பிஸ்மில்லாவை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறவள், எதையும் எழுதுவதில்லை. பில்டுக்கு நீ எழுதியது சாமி பேரா கணக்கா என்று தெரியாது. கோப்பு எப்போது மாறியது என்று மட்டும்தான் பார்க்கும். பொதுக் கோப்பு புதிதாகிவிட்டதா, அதை நம்பியிருக்கிற அத்தனையும் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு தடவையும் பக்தியோடு மொத்தத்தையும் கலைத்துக்கொண்டிருந்தோம்!

நீ வாயில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். சுழி போடாமல் இருக்கச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. நீயே சொன்னாய், "புள்ளையாரு ஆத்தங்கரையில உக்காரட்டும்டி. மதகுல எதுக்கு உக்காரணும்?" பில்டு எட்டிப் பார்க்காத தனிக் கோப்பு ஒன்று தொடங்கி, சுழியை அங்கே குடிவைத்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உனக்குக் கண்ணில் தண்ணீர்.

இரண்டாவது சோதனை. அரிசி கொட்டியது, கறுப்பு போனது, கூடவே நல்ல அரிசியும் பறந்தது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். "சரிம்மா, போதும். மறுபடியும் சோத்து நேரம் வரைக்கும் நம்மால உக்கார முடியாது."

மில் இரைச்சலுக்கு மேலே நீ கத்தினாய்: "உக்காருங்க முதலாளி! டீ வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டுறோம்!"

கறுப்பு எது, நல்லது எது என்று பிரிக்கிற எண்ணை மாற்றினேன். ஒரே ஒரு கோப்பு மட்டும் பில்டு ஆனது, மற்றவையெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. முடிந்தது. டீக்காரர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. அரிசி மறுபடி இறங்கியது. முதலாளி ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு கறுப்பு இல்லை. கழிவுச் சட்டியிலும் கை விட்டுப் பார்த்தார். அங்கே நல்லது இல்லை.

"இத போன வாரமே செஞ்சிருக்கலாமேம்மா?"

"போன வாரம் புள்ளையாரு குறுக்க உக்காந்திருந்தாருங்க" என்றாய். அவர் ஒன்றும் புரியாமல் நம்மைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மெஷின் இங்கயே இருக்கட்டும். என் மச்சான் மில்லுக்கும் ஒண்ணு செய்யுங்க."

ஜெயித்தோமடி! லோடுமேன்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். நீ நெல் காய்கிற களத்துக்கு ஓடிப் போய் உன் அப்பாவுக்குப் போன் போட்டாய். போனே தேவையில்லை என்கிற அளவுக்குச் சத்தம்: "அப்பா! நான் எங்கயும் போகல! கேக்குதா? எங்கயும் போகல!"

அதன் பிறகு எத்தனை மில்லுக்குப் போனோம்! ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்துகூட, எந்த மில்லில் என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு மில்லுக்குள் நுழைந்த முதல் நாள், அங்கே இருந்த முதலாளி என்னைத் தாண்டி, வண்டி ஓட்டி வந்தவரிடம் விவரம் கேட்டார். இரைச்சலுக்கு மேலே என் குரல் எழும்பியது: "என்கிட்ட கேளுங்க. செஞ்சது நாங்க." அது உன் குரல். மில்லே திரும்பிப் பார்த்தது. நான் தலை குனியவில்லை.