ஆறு பேர் அறை

தேகு,
அக்டோபர் 4

அன்பு மகன் கி-ஹ்யோனுக்கு,

போனில் நான் பேசுவது உனக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்கிறாய். அதனால் இடது கையால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. இந்த மருத்துவமனையில் நீ பிடித்துக் கொடுத்த தனி அறையில் குறையேதும் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள நீ அமர்த்திய பியோன் அம்மாள் ஊட்டுகிறார், துடைக்கிறார், சக்கர நாற்காலியில் தள்ளுகிறார். நான் கரண்டியைத் தொட்டால், "கைய எடுங்கய்யா! ஏதாவது ஆச்சுன்னா உங்க மகன் என்னைத் தொலைச்சிடுவாரு" என்கிறார். மூச்சு மட்டும் இன்னும் நானே விடுகிறேன்.

என்னை ஆறு பேர் அறைக்கு மாற்று. அங்கே இருப்பவர்கள் தாங்களே எழுந்து கழிப்பறைக்குப் போகிறார்கள், பூப்படச் சீட்டு ஆடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். முதல் சில மாதங்களில் மீள்வதுதான் அதிகம் என்று கைகால் பயிற்சி கொடுப்பவர் சொல்கிறார். அந்த மாதங்களை நான் படுத்தே கழிக்கிறேன்.

அப்பா

உல்சான்,
அக்டோபர் 9

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது, கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். இது நீங்கள் ஓய்வெடுக்க வேண்டிய நேரம். மூத்த மகன் அப்பாவைப் பொது அறையில் போட்டான் என்று பெரியப்பா வீட்டில் பேசினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி பியோன் அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன்.

பணிவுடன்,
கி-ஹ்யோன்

தேகு,
அக்டோபர் 15

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய கவனம் வந்து சேர்ந்தது. இப்போது என் மூக்கையும் பியோன் அம்மாளே சிந்திவிடுகிறார்.

நேற்று மதியம் அவர் கண்ணயர்ந்தபோது கிளம்பிவிட்டேன். சுவர்க் கம்பியைப் பிடித்து முப்பது அடி, இருபது நிமிடம். ஆறு பேர் அறையில் ஒரு கட்டில் காலி. போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மா என்ற கறிக்கடைக்காரர் கேட்டார்: "என்னய்யா தனி அறை ராஜா, வழி தவறிட்டியா?"

பதில் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. "என்ன சொல்ற? வாயைத் தொறந்து சொல்லுய்யா!" மூன்று முறை சொல்ல வைத்தார்கள். மூன்றாவது முறை என் கட்டிலோடு சேர்த்து ஆறு கட்டிலும் சிரித்தது. நீ ஒரு முறைகூட மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டதில்லை.

தலைமைச் செவிலி வந்து, "மகன் கையெழுத்து இல்லாம முடியாதுங்க" என்றார். "நோயாளி நான். உயிரோடதான் இருக்கேன்" என்றேன். கூட வந்த மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை நீட்டினார். கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரையை நானே குத்தினேன். கோணல்தான், செல்லும்.

பெரியப்பா வீட்டில் கேட்டால், அப்பா ஓடிப்போய்விட்டார் என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை வா. பழச்சாறுப் பெட்டியோடு அறை வாசலிலேயே நில். நான் தள்ளாடுவேன், பாய்ந்து வந்து பிடிக்காதே. நடந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா