மேற்குப் பாதி

வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. தபாலில் போட்டால் நாளாகும். அதனால் உன் ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகள் நலம். உன் அண்ணன் முகத்தில் மூன்று நாளாகச் சிரிப்பு. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தானியம் போடுகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் மானியம் இந்த வருடம் ஆளுக்கு மூன்று ஏக்கருக்குத்தானாம். நம்முடையது ஆறு. போன வருடம் ஒன்றும் விளையவில்லை, உனக்கே தெரியும். பாதி மானியத்தை வைத்துக்கொண்டு அடுத்த விதைப்புக்கு வழியில்லை, நிலத்தை விற்க வேண்டியதுதான். பாகம் பிரிக்காத நிலம், பாதி உன்னுடையதுதானே என்று உன் பெயரிலும் ஒரு மனு எழுதி, உன் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. உன் பெயரை எடுத்தாலே எழுந்து போகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை வேளாண்மை அதிகாரி வந்தார். விளைந்த சோளம் வயலில் நிற்கும்போதே, மனு போட்டவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். அதற்குமுன் அறுத்தால் மானியம் கிடையாது. கிழக்குப் பாதியில் அண்ணனை நிறுத்தி எடுத்தார். மேற்குப் பாதிக்கு உன் பெயரைப் படித்து, ஆள் எங்கே என்றார். எனக்கு உயிரே இல்லை. உன் அண்ணன் காகிதத்தை வாங்கி, நான் போட்ட அந்தக் கோணல் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வந்துருவான் சார், ஒரு வாரம் குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா, நிலமே வேண்டாம்னு கத்திட்டுப் போனவன் நமக்குத் தெரியாம மனு போட்டிருக்கான். கோவம் போயிருச்சுடி அவனுக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே உன் அறையைப் பெருக்கி, ஆடுகிற கட்டில் காலுக்கு ஆணி அடித்தார். பெருக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாதவர்!

நேற்றுக் கிழக்குப் பாதியை அறுத்தாயிற்று. இன்னொரு நடை வர முடியாது, மேற்கையும் முடித்துவிடுகிறேன் என்று அறுவடை இயந்திரக்காரர் எவ்வளவோ சொன்னார். தம்பி வந்து நிற்கட்டும் என்று உன் அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாலையில் தூறல். பெரிய மழை பிடித்தால் சோளம் கருத்து மாட்டுக்குத்தான் ஆகும். மானியம் போனால் போகிறது, அறுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தார். உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன் தம்பி, முடியவில்லை.

நீ வீட்டை விட்டுப் போன அன்று உன் அண்ணன் உன்னைக் கை நீட்டி அடித்தது தப்பு. அவர் சொல்ல மாட்டார், அவருக்காக நான் கேட்கிறேன், மன்னித்துவிடு. உன் பாகத்தை எடுத்துக்கொள், விற்றுக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

திங்கள் காலை அதிகாரி வருகிறார். ஞாயிறு பஸ்ஸிலாவது வந்துவிடு. எதிரில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்வாராம். நான் போட்டதை இதோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துப் பழகிக்கொள். அண்ணன் கேட்டால், மனு போட்டது நீதான் என்று சொல்லிவிடு.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு பொய்யை மட்டும் அவருக்காகச் சொல்லப்பா.

உன் அண்ணி