சீமாட்டியை எங்கே பிடித்தாய்?

மே 4, 1991

நிக்கோலெத்தாவுக்கு,

போன் செய்யாதே என்றாய். எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் நலம். உன் பாம்பு சீமாட்டிதான் நலமில்லை.

ஈஸ்டர் முடிந்து வாஸ்தோவுக்கு, உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினபோது உன் துணிமணியையெல்லாம் எடுத்துக்கொண்டு சீமாட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனாய். கல்யாணமான நாளிலிருந்து ஊர்ப் புனிதர் திருவிழாவுக்குப் பாம்பு பிடிப்பவள் நீ, பார்த்தால் பத்தடி தள்ளி நிற்பவன் நான். ஆனாலும் மே முதல் தேதி கண்ணை மூடிக்கொண்டு இவளைத் தூக்கிப்போய், ஊரார் பாம்புகளோடு புனிதரின் சுரூபத்தின்மேல் போட்டேன். ஊர்வலம் முழுக்க மழை. நனைந்துவிட்டாள். இப்போது வாயைப் பிளந்துகொண்டு மூச்சு விடுகிறாள். மூக்கோரம் நுரை கட்டுகிறது.

ஆட்டு வைத்தியர் கொர்ராடோவிடம் காட்டினேன். "இதுல கழுத்து எங்க முடியுது, இடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு நீயே சொல்லு எலிசேயோ, அப்புறம் ஊசி போடறேன்" என்கிறார். பக்கத்து வீட்டு செரஃபினா, "இந்தப் பாம்புக்குப் பசுமேய்ப்பான்னு சும்மாவா பேரு வச்சாங்க? மாட்டு மடியிலயே வாய் வைக்கிற ஜாதியாச்சே! பாலைக் குடு, எந்திரிச்சு ஓடிரும்" என்றாள். கரண்டியால் கொடுத்தேன். கொஞ்சம் உள்ளே போயிற்று.

மற்றவர்கள் அவரவர் பாம்பைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். இவளை எங்கே பிடித்தாய் என்று நீ சொல்லவே இல்லையே. நீயே வந்து விடலாம். சமையலறையில் எதையும் இடம் மாற்றவில்லை.

உன் எலிசேயோ

மே 8

எலிசேயோ,

பாம்புக்குப் பாலா? அதுவும் கரண்டியாலா? பாம்பு பால் குடிக்காது. உன் ஊர்க்காரர்கள் பேர் வைத்துவிட்டால் அது குடித்துத்தான் ஆகவேண்டுமா? சளி கட்டின நெஞ்சில் பாலையும் ஊற்றி வைத்திருக்கிறாய். இனி வாயில் எதையும் ஊற்றாதே. பெட்டியை ஜன்னலோரக் கல்தரையிலிருந்து எடுத்து அடுப்புப் பக்கம் வை. பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் சூடு படட்டும். எது வேண்டுமோ அங்கே அவளே போய்க்கொள்வாள்.

அக்காவின் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்களையெல்லாம் விசாரித்தேன். தபால்காரர் ஆமை வளர்க்கிறவர். பெஸ்காராவில் லுக்ரேஸியா என்று ஒரு டாக்டர் பாம்பும் ஆமையும் மட்டுமே பார்க்கிறாராம். போன் செய்து கெஞ்சினேன். அடுத்த வியாழன் காலை வரச் சொன்னார். முகவரி பின்பக்கம். தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போ. குளிர் படக்கூடாது.

இடத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பிழைக்கட்டும்.

நிக்கோலெத்தா

மே 18

அன்புள்ள நிக்கோலெத்தா,

போய்வந்தேன். ரயிலில் எதிரே இருந்த அம்மாள், "கோட்டுக்குள்ள என்ன, சீஸா? வாசனையே வரலியே" என்றாள். "இன்னும் பழுக்கல" என்றேன்.

டாக்டர் ஈரத்துணியைச் சுற்றி, அதன்மேல் குழாயை வைத்துக் கேட்டார். "நுரையீரல்ல சளி. பால் குடுத்த புண்ணியவான் யாரு?" என்றார். செரஃபினா என்றேன். நீ இருந்திருந்தால் என்னை மாட்டிவிட்டிருப்பாய். ஊசியை நானே போடவேண்டுமாம், உடம்பின் முன்பாதியில். முதல் ஊசிக்கு அவளைவிட நான்தான் அதிகம் நெளிந்தேன்.

பெஸ்காரா ஸ்டேஷனில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாஸ்தோ வண்டிகள் வந்தன, போயின. நாளும் நேரமும் உனக்குத் தெரியுமே என்று நினைத்தேன். குறை சொல்லவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ரேடியோ வைப்பதில்லை. அவள் மூச்சு கேட்க வேண்டும். இந்த வீட்டில் என்னுடையது அல்லாத ஒரு மூச்சு கேட்பது எனக்கு எவ்வளவு தேவையாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் எலிசேயோ

ஜூன் 10

அன்புள்ள நிக்கோலெத்தா,

பதில் இல்லை. கடையில் வேலை அதிகம் போல.

சீமாட்டி பரவாயில்லை, ஆனால் முழுக்கக் குணம் என்று சொல்லமுடியாது. நேற்று இரண்டு முறை இருமினாள். இந்த நிலையில் வெளியே விட்டால் பாவம். நீ ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது. இடத்தைச் சொல்ல அவசரமில்லை.

உன் எலிசேயோ

ஜூன் 15

எலிசேயோ,

பாம்பு இருமாது.

டாக்டருக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். "உங்க வீட்டுக்காரர் கை ரொம்பப் பதமான கை. இந்த மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே குணமாயிடுச்சே, முட்டை முழுங்குதுன்னு சொன்னாரே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கிளம்பி வந்திருப்பேன்.

ஈஸ்டர் விருந்தில் உன் தம்பி, "மீன்காரிக்குப் பாம்பு ஒரு பெரிசா" என்று சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். நீ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கல்யாணமான முதல் ஈஸ்டரிலும் அப்படித்தான் சாப்பிட்டாய்.

பாதாம் தோட்டத்துக்குக் கீழே இடிந்த சுவர் இருக்கிறதே, காட்டு அத்தி முளைத்திருக்கும், அங்கேதான் பிடித்தேன். நல்ல வெயிலில் கொண்டுபோய் விடு. திருவிழா முடிந்தால் வைத்துக்கொள்ளக்கூடாது, பிடித்த இடத்தில் விடவேண்டும். உன் ஊரில் எனக்குப் பிடித்த வழக்கம் இது ஒன்றுதான்.

என்னை நீ இந்தக் கடற்கரையில், அப்பாவின் படகுக்குப் பக்கத்தில்தான் பார்த்தாய். இப்போதும் காலையில் அங்கேதான் நடக்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

நிக்கோலெத்தா

ஜூன் 20

அன்புள்ள நிக்கோலெத்தா,

விட்டுவிட்டேன். உறை இல்லாமல், கையில் சுற்றிக்கொண்டுதான் போனேன். பயமாக இல்லை. கொஞ்ச நேரம் கல்மேல் கிடந்தாள். நாக்கை நீட்டிப் பார்த்தாள், இடம் தெரிந்துவிட்டது போல. அத்தி வேருக்குள் போய்விட்டாள். வால் மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ என்னைப் பார்ப்பது எனக்குத் தெரியும். நிமிர்ந்திருக்கலாம்.

உன் பாத்திரங்களைத் துணி சுற்றிக் கட்டிவிட்டேன், அந்த நீலக் காபிக் கூஜாவும் இருக்கிறது. சனிக்கிழமை வண்டியில் வரும். பதில் வேண்டாம்.

திரும்பி வரும்போது வாசலில் செரஃபினா. "உள்ள பாம்பு கிடக்கா? நான் வரலாமா?" என்றாள்.

"வா, உள்ள யாரும் இல்ல" என்றேன்.

எலிசேயோ