சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

5 அக்டோபர் 1983, விஷ்ராந்த்வாடி

காலையில் மழை, அப்புறம் சுள்ளென்று வெயில். ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் பாதிகூடத் திருத்தவில்லை. ரேஷன் சர்க்கரை வாங்கணும். பால்காரனோடு சண்டை பாக்கி.

சாயங்காலம் கொழுந்தன் மணி பம்பாயிலிருந்து வந்து இறங்கினான். கப்பலில் இஞ்சினியர், மாதக் கடைசியில் மறுபடி கப்பல். வழக்கமாக ரயிலில் வருவான், இந்தத் தடவை காரில். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனதை ஏலத்தில் எடுத்தானாம். கறுப்பு. ஆறு சிலிண்டர். காம்பவுண்டுக்குள் நிறுத்தினதும் பக்கத்து வீட்டு ஜோஷி காக்கூவுக்குத் துணி காயப்போட இடமில்லை.

என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகிற மனுஷன். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்தச் சத்தத்துக்கே ஒரு சிரிப்பு.

8 அக்டோபர்

மணி குண்டைப் போட்டான். அவன் கப்பலில் இருக்கிற பத்து மாதமும் கார் இங்கேயே நிற்குமாம். ஓடாமல் கிடந்தால் கெட்டுப்போகும், அதனால் எங்கள் பையன் ரவி ஓட்டணுமாம். ரவிக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் வாங்கி முழுசாய் இரண்டு மாதம் ஆகவில்லை. அதுவும் ஏஜென்ட் வாங்கிக் கொடுத்த லைசென்ஸ். டெஸ்ட் என்றால் கொஞ்சம் முன்னே போ, கொஞ்சம் பின்னே வா, சாய் குடிக்கப் போ.

"என்ன மதினி, இப்படிப் பயப்படுதீங்க? இஞ்சின் பெருசுன்னா பிரேக்கும் பெருசுதான்."

"பிரேக்கை அமுக்கப்போற கால் யாருது?" என்றேன்.

இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல். ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துவிட்டு, புத்தி இருந்தால் போடுவான் என்று எந்த டீச்சரும் சொல்லமாட்டாள். காருக்கு மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்.

10 அக்டோபர்

தாள் கட்டு முடிந்தது. பதினோரு பேர் பெயில். தலைவலி.

ரவியிடம் தனியாகப் பேசினேன். டிரைவிங் ஸ்கூல் காரைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறான். "அது ஒரு கட்டாரா, ஓட்டை வண்டிம்மா. ஆக்சிலேட்டரைத் தரையோட அமுக்குனாத்தான் நகரும்." இது? "இது மக்கன் மாதிரி." வெண்ணெயாம். மணி லோஹேகாவ் ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை ஓட்டவிட்டிருக்கிறான். நேர் ரோடு, காலி ரோடு. வந்ததும் இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு வெளிச்சம்.

கொஞ்ச நாள் ஸ்கூட்டர் ஓட்டுடா, அப்புறம் ஒரு சின்னக் கார், அப்புறம் இது என்றேன். "பஸ் கரோ, போதும்மா. காலேஜ்ல ஹர்ஷத் எப்பவோ ஓட்டுறான்." ஹர்ஷத் அப்பாவுக்குப் பணம் இருக்கிறது. அதுதான் ஹர்ஷத்தின் தகுதி.

ஜோஷி காக்கூ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "முல்கா ஆஹே, ஷிகேல்." பையன்தானே, கற்றுக்கொள்வான். எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது.

14 அக்டோபர்

நாளைக்கு ஆயுத பூஜை. சாமான்: பொரி, கடலை, வாழைப்பழம், சந்தனம், கேந்திப்பூ (மார்க்கெட்டில் குவியல் குவியலாய், மராட்டிப் பெயரில் ஜேண்டு ஜேண்டு என்று கத்துகிறான்), தேங்காய் 2, எலுமிச்சம்பழம் 5. நாலு சக்கரத்துக்கு நாலு, ஒன்று வீட்டுக்கு.

ஸ்கூட்டருக்கு மட்டும் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். இவர், "வீட்டு வாசல்ல நிக்குது, பூ வைக்காம விடலாமா?" அதுவும் சரிதான்.

17 அக்டோபர், ஆஸ்பத்திரி

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டெட்டால் வாசனை. இரண்டு நாளாகச் சேலை மாற்றவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடுகிறது.

பூஜை முடிந்தது. காருக்கு மாலை, சந்தனம், குங்குமம். ரவியை உட்கார வைத்தார்கள். "சின்னவன் கையால நகரட்டும்," மணி. இஞ்சின் போட்டாயிற்று. இவர் கற்பூரத் தட்டோடு முன்னால் நின்று சுற்றினார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள், காருக்கு முகம் முன்பக்கம்தானே. இவருக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர். இடது சக்கரத்துப் பழம் உருண்டு வெளியே வந்துவிட்டது. இவர் குனிந்து அதைத் திரும்பவும் வைத்து நிமிர்ந்தார், ஒதுங்கவில்லை. மணி பக்கத்தில் நின்று, "ஆச்சு, எடுல," என்றான். பழம் தடுத்திருக்கும் போல. கார் அசையவில்லை என்று ரவி, டிரைவிங் ஸ்கூலில் பழகினபடி, ஆக்சிலேட்டரைத் தரையோடு அமுக்கினான்.

கத்தினது யார் என்று தெரியவில்லை. நானாகத்தான் இருக்கணும்.

வலது கால். பம்பருக்கும் சுவருக்கும் நடுவில்.

18 அக்டோபர்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்து நான் போட்டேன். பேனா எழுதவில்லை, நர்ஸ் தன் பேனாவைக் கொடுத்தாள்.

போலீஸ்காரரிடம் இவர் சொன்னது: "நான்தான் குறுக்க போயிட்டேன் சாகேப். பையன் மேல தப்பு இல்ல." பாதி மயக்கத்தில், இந்தியில், மூன்று தடவை.

ரவி வராண்டாக் கோடியில். உள்ளே வரமாட்டேன் என்கிறான். என்கிறான் என்ன, தலையை மட்டும் ஆட்டுகிறான். சனிக்கிழமையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறான், அவ்வளவுதான்.

மணி என் காலில் விழ வந்தான். நகர்ந்துகொண்டேன்.

26 அக்டோபர்

மணி கப்பலுக்குப் போய்விட்டான். காரை வந்த விலைக்கு விற்றுவிடச் சொன்னான்.

இவர் இன்றைக்கு நன்றாகப் பேசினார். "நீ அன்னைக்கே சொன்ன. ஒரு தடவை சொல்லிக் காட்டிரு, எனக்கும் ஆறும்." சொல்லவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரியா இருக்கிறது?

ரவி காலேஜ் போகவில்லை. ஒரு இட்லி, அரை இட்லி. கேட்டால் தலையாட்டல். கால் போனது போய்விட்டது, இந்தப் பையனும் போய்விடுவானோ என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்க்கிறேன்.

தீபாவளி

எண்ணெய் தேய்க்கவில்லை. காக்கூ சக்லி (நம்ம முறுக்குதான்) கொடுத்தாள், தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். பட்டாசுச் சத்தத்துக்கு ரவி காதைப் பொத்திக்கொண்டு குளியலறையில்.

13 நவம்பர்

இவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டில் ஜன்னலோரம், அங்கேதான் காற்று. ஜன்னலைத் திறந்தால் அந்தக் கார். காய்ந்த மாலையை நான் பிய்த்துப் போட்டேன். காரின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

ரவி அப்பாவுக்கு மூத்திரச் சட்டி எடுத்து வைக்கிறான், முதுகு துடைக்கிறான். பேச்சு மட்டும் இல்லை. "ஏதாவது பேசுல," என்று இவர் கெஞ்சுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

20 நவம்பர்

குளிர் ஆரம்பம். செயற்கைக் காலுக்கு அளவு எடுக்க ஜனவரியில் வரச் சொல்கிறார்கள்.

கோந்த்வாவிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர். கூடவே மகன், மீசை இப்போதுதான் அரும்புகிறது. "லட்கா சலாயேகா. அபீ லைசென்ஸ் மிலா ஹை," என்றார் பெருமையாக. இவன்தான் ஓட்டப்போகிறான், இப்போதுதான் லைசென்ஸ்.

நான் வாயைத் திறக்கவில்லை. யார் பிள்ளை எப்படிப் போனால் என்ன, இந்தச் சனியன் என் வாசலை விட்டுப் போனால் சரி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பையன் உள்ளே உட்கார்ந்தான். அப்பா பானெட்டில் கையை வைத்துக்கொண்டு முன்னால் நின்று, "பிக்கப் கைசா ஹை?" என்றார், இழுவை எப்படி என்று.

ரவி எப்போது வெளியே வந்தான் என்று தெரியாது. காரை ஒட்டி, பையன் பக்கத்து ஜன்னலில் கையை வைத்து நின்றான்.

"ஸ்டார்ட் மத் கர்." குரல் உடைந்து, யாருடையதோ மாதிரி. "பஹலே தேக், தேரே பாப்பா கஹாங் கடே ஹைங்." ஸ்டார்ட் பண்ணாதே, முதலில் பார், உன் அப்பா எங்கே நிற்கிறார் என்று.

பையன் பார்த்தான். கடைக்காரரும் குனிந்து தன் காலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ரவி நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னான், பழம் உருண்டதிலிருந்து. அழவில்லை. பையன் சாவியை என் கையில் வைத்துவிட்டு இறங்கினான். இரண்டு பேரும் சாய்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து இவர், "யாரு பேசுனது? ரவியா?"

"ஆமா," என்றேன். கார் போகவில்லை என்பதை அப்புறம்தான் சொன்னேன்.