இங்கிலீஷ் தெரியாது என்று இங்கிலீஷில் எழுதப்போகிறவனுக்கு

கடலூர் முதுநகர்,
புதன் மதியம்.

அன்பு மகன் பிரபுவுக்கு அம்மா முத்தத்துடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், உன் அப்பா, அவருடைய சர்க்கரை எல்லாம் அளவோடு இருக்கிறோம். அங்கே நீயும் மோனிகாவும் குழந்தையும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். தபாலில் போட்டால் எப்போது வருமோ, உன் தங்கை அனிதாவிடம் கொடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படி.

முதலில் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். போன வாரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது என்று அவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு நீ மீட்டிங்குக்குப் போய்விட்டாய். மனுஷருக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. நம் ஊரில் சம்மன் வந்தால் என்ன அர்த்தம், ஒன்று அடிதடி, இல்லை ஜீவனாம்சம். என்னிடம்கூட மூச்சு விடாமல் நேரே கோவிலுக்குப் போய்ப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஞாயிறு காலைப் பூசையில் வழக்கம்போல் யார் யாருக்காக வேண்டிக்கொள்வது என்று கருத்து வாசித்தார்கள், இறந்தவர்களுக்கு, ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு, அப்புறம் மைக்கில் கணீரென்று, அமெரிக்காவில் வழக்கில் அகப்பட்டிருக்கும் ஆரோக்கிய பிரபு விடுதலையாகி நலமுடன் வீடு திரும்ப வேண்டிப் பெற்றோர் அடைக்கலராஜ், பாத்திமா மேரி என்று வாசித்தார்கள் பார், நான் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பாட்டுக் குழு மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கிறது. பூசை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் வாசலில் செருப்பு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு சின்னம்மாள் ஒரு சட்டி கொடுவா மீன் குழம்போடு வந்து, ஏங்க்கா, அங்க ஜெயில்ல சோறு போடுவாங்களா, வெறும் ரொட்டிதானா என்று கண் கலங்கினாள். இன்னொரு அம்மா, அதான் பையன் ரெண்டு வருஷமா ஊரு பக்கம் வரலியா என்று தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டுப் போனாள்.

விஷயம் சிதம்பரம் வரைக்கும் போய் என் அண்ணன் சார்லஸ், உன் மாமா, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவரல்லவா, அழுவதை விட்டுவிட்டு, நீ எல்லாவற்றையும் சொல்லிவைக்கிற அனிதாவுக்குப் போன் போட்டு முழுசாக விசாரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யோவ் மச்சான், ஒம் புள்ளைய கூண்டுல ஏத்தக் கூப்புடல, தீர்ப்பு சொல்லக் கூப்புட்ருக்காங்க, அங்கல்லாம் குடியுரிமை உள்ள ஊர் சனங்களே பன்னெண்டு பேரு ஜூரின்னு ஒக்காந்து கேட்டுட்டு குத்தவாளியா இல்லியான்னு சொல்லணும், நம்ம நாட்லயும் ஒரு காலத்துல இருந்திச்சி, அப்பறம் எடுத்துட்டாங்க என்றார். அவ்வளவுதான், உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். காலையில் கைதியாக இருந்த நீ சாயங்காலம் அமெரிக்காவில் ஜட்ஜ் ஆகிவிட்டாய்.

நாங்கள் இப்படித் தலை நிமிர்ந்த அன்றைக்கே அனிதா அடுத்த குண்டைப் போட்டாள். இங்கிலீஷ் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்களாம், நீ எனக்கு அவ்வளவு தெரியாது என்று எழுதிப் போட்டுக் கழன்றுகொள்ளப் போகிறாயாம். அடேயப்பா! அதையும் இங்கிலீஷில்தானே எழுதியாக வேண்டும்? தப்பில்லாமல் எழுதினால் நம்ப மாட்டார்கள், தப்புத் தப்பாக எழுத உனக்கு வராது, என்ன செய்யப் போகிறாய் ராசா? போன தடவை வந்தபோது ஷேர் ஆட்டோக்காரரிடமே எக்ஸ்க்யூஸ் மீ என்றவன் நீ. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று சொல்லித்தான் மோனிகாவைப் பெண் கேட்டோம், இப்போது நீயே தெரியாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் சம்பந்தி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எழுதியதெல்லாம் உண்மை என்று கடைசியில் கையெழுத்து வேறு போட வேண்டும் என்கிறாள் அனிதா. அது பொய் என்று தெரிந்தால் உன் அப்பா கருத்தில் எழுதிக் கொடுத்த வழக்கு நிஜமாகவே வந்து சேரும், பார்த்துக்கொள்.

லீவு கிடைக்காமல்தான் இப்படிச் செய்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அனிதாவை நோண்டியதில்தான் மற்றது வெளியே வந்தது, அவளைத் திட்டாதே, நான்தான் விடவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் நீ பேசியபோது ஒருத்தன் என்ன, என்ன என்று மூன்று தடவை கேட்டானாமே, மற்றவர்கள் சிரித்தார்களாமே, அதிலிருந்து நீ மீட்டிங்கில் வாயே திறப்பதில்லையாமே, எதுவானாலும் டைப் அடித்துத்தான் அனுப்புகிறாயாமே. இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்துவிட்டது பிரபு. என் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அதுவும் நீ, வாய் மூட உனக்கு நான் மிட்டாய் வாங்கிக் கொடுத்த காலம் உண்டு. அவர்களுக்குக் காது மந்தமானால் அதற்கு உன் நாக்கு என்ன செய்யும்? உன் அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அந்த ஆளுக்கு நல்ல புத்தி வர வேண்டி இன்னொரு பூசை வைத்துவிடுவார்.

பன்னிரண்டு பேர் நடுவில் வாய் திறந்தால் மறுபடியும் சிரிப்பார்கள் என்றுதானே பயப்படுகிறாய். இருக்கலாம், சிரித்தாலும் சிரிப்பார்கள். ஆனால் அங்கே கூண்டில் நிற்கப்போகிறவனைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தாயா? அவனும் உன்னை மாதிரி வேறு ஊரிலிருந்து போனவனாக, உன்னை மாதிரியே பேசுகிறவனாக இருந்தால்? அவன் சொல்வதை அந்தப் பதினோரு பேரும் என்ன, என்ன என்று கேட்டுவிட்டு, புரியாததைப் பொய் என்று எடுத்துக்கொண்டால்? அவன் பேச்சு விளங்குகிற ஒருத்தன் அந்த அறையில் இல்லாமல் போவான், நீ வீட்டில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருப்பாய். எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

அதனால் தெரியும் என்றே எழுது. அவர்களாக வேண்டாம் என்று அனுப்பினால் அனுப்பட்டும், நீயாக உன்னைக் கழித்துக்கொள்ளாதே. போகிற அன்றைக்குக் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, காபியோடு நிறுத்தாதே, ஏசி ஜாஸ்தியாக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். மோனிகாவுக்கு என் அன்பு, குழந்தைக்கு நெற்றியில் நான் போடுகிற சிலுவையை நீ போடு. மாதா உன் நாவில் குடியிருந்து உன்னைக் காப்பாளாக. ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே எவனாவது என்ன என்று மூன்று தடவை கேட்டால், மூன்றாம் தடவையும் சத்தமாகச் சொல்லு.

உன் பேச்சு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகாத,
அம்மா பாத்திமா மேரி