அரை அட்டை மாத்திரை

செவ்வாய்க்கிழமை

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரக் கஸ்தூரி அக்காவுக்குப் போன வாரம் பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினேன். அதே மருந்துதான், கம்பெனி வேறு, விலை கால்வாசி. இன்று அந்த அட்டையைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"இன்னா டாக்டரம்மா, மீன் விக்கிறவன்னா மட்டமான மாத்திரையா?"

"ரெண்டும் ஒரே மருந்துதான் அக்கா."

"அப்ப பெரிய டாக்டரு ஏன் இத்த எழுதல?"

நியாயமான கேள்வி. பதில் பெரிய டாக்டருக்குத்தான் தெரியும், சொல்ல மாட்டார். அக்கா நேராக அவர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய், "ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்.

"அவங்க எத நம்புறாங்களோ அதையே எழுதிட்டுப் போம்மா."

நானும் கூடவே இறங்கிப் போனேன். கீழே மருந்துக்கடையில் அக்கா அரை அட்டைதான் வாங்கினார். அஞ்சு நாளைக்குத்தானே வரும் என்று கேட்டேன்.

"ஒடச்சிப் போட்டுக்கினா பத்து நாளு ஓடும். எப்பவும் அப்டித்தான்."

எப்பவுமா! பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று இத்தனை மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அவரை நிற்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி, பெரிய டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா? சரி, கூட இன்னொரு மாத்திரை சேர்த்திடலாம்" என்றார்.

என் வாய்க்கு வந்ததை இங்கே எழுத வேண்டாம். இறங்கி வந்து பார்த்தால் அக்கா பஸ் ஏறியிருந்தார். ஜன்னல் வழியாகச் சிரித்துக் கை காட்டினார். என் மேலிருந்த கோபம் தீர்ந்துவிட்டது போல.