மாத்தாத இலை

நேற்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்து இறக்கத்தில் சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். டிஸ்பென்சரியில் காயத்துக்கு அயடீன் வைத்தார்கள். எரிச்சலுக்கு முந்தி வாசனை வந்தது. வாசனையோடு நீ வந்தாய். மருந்து போட்ட அக்கா, "எங்க, ஒரு ஜோக் சொல்லேன், வலி தெரியாது" என்றார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நாளாகவே வருவதில்லை, புள்ள.

உனக்கு ஓசோன் பைத்தியம். "மேல வானத்துல இருந்தா குடை, கீழ எறங்கினா வெஷம்" என்பாய். "ஓசியில வர்றதாலதான் ஓசோன்" என்பேன் நான். சிரிக்க மாட்டாய், மூக்கு மட்டும் விடைக்கும். பதுளை டவுனின் வாகனப் புகை வெயிலில் வெந்து ஓசோனாகிக் காற்றோடு மேலேறும், அதனால் டவுனைப் பார்த்த மேட்டு மரங்களுக்குத்தான் அடி, மலைக்குப் பின்னால் பள்ளத்து மரங்கள் தப்பிக்கும் என்பது உன் கணக்கு. அளக்க நம்மிடம் கருவி ஏது? மேட்டு முள்முருங்கை இலைகளில் விழுந்திருந்த பழுப்புப் புள்ளிகள்தான் உன் சாட்சி. இதை மாகாண விஞ்ஞானப் போட்டிக்குக் கொண்டுபோவதே உன் ஒரே ஆசை.

இலை பகலில் மாப்பொருள், அதாவது மாவுச்சத்து, செய்து சேர்க்கும். இரவில் அதைச் சர்க்கரையாக்கி வேருக்கு அனுப்பும். விடியும்போது இலை ஏறக்குறையக் காலி. ஓசோன் பட்ட இலை மட்டும் அனுப்ப முடியாமல் திணறும் என்றாய். அதனால் விடிகாலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிய, ஆள் சேருமுன்னே பனிக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாய். மேட்டில் பறித்த இலைக்குச் சிவப்பு நூல், பள்ளத்தில் பறித்த இலைக்கு வெள்ளை நூல். கட்டியது நான்.

பள்ளிக்கூடத்தில், ஸ்பிரிட்டில் அவித்து வெளுத்த இலைகளில் நீ அயடீன் விட்டாய்; மாப்பொருள் இருந்தால் நீலம் பிடிக்கும். வெள்ளை நூல் இலை அயடீனின் பழுப்பாகவே நின்றது. சிவப்பு நூல் இலை கருநீலமானது. மாப்பொருள் உள்ளேயே கிடந்தது. நீ கத்தியே விட்டாய். விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் எட்டிப் பார்த்தார்.

"புள்ளி விழுந்த நோஞ்சான் எலையில எப்படி மாப்பொருள் கூட இருக்கும்? நூல மாத்தினது யாரு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அதற்கு முந்தின மாதம்தான் உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் மாற்றி வைத்து மாட்டியிருந்தேன். அப்போதாவது நாக்கு சும்மா இருந்ததா?

"மாப்பொருள்னா மாத்துற பொருள்தானே சேர்!"

வகுப்பே சிரித்தது. சேர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, உன் குறிப்புக் கொப்பியை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். போட்டிக்கு வேறு யாரோ போனார்கள்.

திரும்பும் வழியில் கேட்டாய். "நெசமா சொல்லு, மாத்தினியா?"

"நீயுமாடி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லேன்."

"மாத்தினேன்னே வச்சுக்க, போ." உங்கள் லயத்து வீட்டுக்கு வராமலே பாதியில் திரும்பி நடந்தேன். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

கருமாதி முடிந்த பிறகு உன் அம்மா கொப்பியை என்னிடம் தந்தார். "நீதானே கூடப் போன, நீயே வச்சுக்க ஆயி." கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து: "மறுபடி செய்யணும். நூல் கட்ட அவளையே கூப்பிடணும்." நம்பி எழுதினாயா, கையும் களவுமாகப் பிடிக்க எழுதினாயா? யோசித்து யோசித்துக் களைத்துப் போனேன்.

தனியாகவே செய்தேன், மூன்று தடவை. மூன்று தடவையும் மேட்டு இலைதான் கறுத்தது. சேரிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல என்ன வெளையாட்டு?" என்றார்.

"ஒன்னும் இல்லீங்க சேர்."

அவர் நம்பினாரா என்று நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. நீ கேட்டதுதான் இன்னும் என்னிடம் கிடக்கிறது.

மாத்தல, புள்ள.